அறுபது கிலோ துள்ளுமாவு

பொம்மைக் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்த அந்தப் பெண்ணை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. கழுத்தில் எந்நேரமும் ஸ்டாப்வாட்ச் தொங்கியதால் ஸ்டாப்வாட்ச் என்றே பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. வயது முப்பத்தெட்டு. அண்ணன் வீட்டு மாடியில் ஓர் அறை, அண்ணி கையால் சாப்பாடு, காலையில் கம்பெனி பஸ், மாலையில் அதே பஸ். கொஞ்சம் கறார்ப் பேர்வழி. கொஞ்சமா? சும்மா சொல்லக் கூடாது, நிறையவே.

அவள் வேலை அப்படி. அந்தக் கம்பெனியில் செய்ததிலேயே நன்றாக விற்ற பொம்மை துள்ளுமாவு. சிலிக்கோன் எண்ணெயில் போரிக் அமிலத்தைப் போட்டுக் காய்ச்சிப் பிசைந்தால் வரும் ஒரு ஆரஞ்சு நிற மாவு. உருட்டித் தரையில் அடித்தால் ரப்பர் பந்து தோற்றது, கூரையைத் தொடும். அதே உருண்டையை மேசையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய் வந்தால் உருண்டையைக் காணோம், மேசையோடு மேசையாகப் படுத்துக் கிடக்கும். ஒரே மாவுதான். உள்ளே நீள நீளமான சங்கிலிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஒரு பிடியை விட்டு இன்னொன்றைப் பிடிக்க அவற்றுக்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும். அவகாசம் கொடுத்தால் தண்ணீர் மாதிரி வழியும். கொடுக்காமல் ஓங்கி அடித்தால் முறைத்துக்கொண்டு எகிறும். இன்னும் பலமாக அடித்தால் கண்ணாடி மாதிரி உடைந்தே போகும்.

அந்த அவகாசம் எவ்வளவு என்று அளப்பதுதான் ஸ்டாப்வாட்சின் உத்தியோகம். எலுமிச்சம்பழ அளவு உருண்டை பாதி உயரத்துக்கு இறங்க நாலு நிமிடத்திலிருந்து நாலரை நிமிடம் வரை ஆகலாம். அதற்கு மேல் போனால் மொத்தக் கலவையும் திரும்பிப் போக வேண்டியதுதான்.

"ரெண்டு செகண்ட் கூடிப்போச்சுன்னு எண்பது கிலோவைத் திருப்பி அனுப்பறியேடி, நீ நல்லா இருப்பியா?" என்று கலவை மெஷின் ஓட்டும் அக்கா தலையில் அடித்துக்கொள்வாள்.

"ரெண்டு செகண்டும் செகண்டுதான்கா."

இந்தக் கறாருக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஆள் வந்தான், பார்க்க நன்றாக இருந்தான், இனிக்க இனிக்கப் பேசினான். மூன்றே நிமிடத்தில் இவள் சரி என்று சொல்லிவிட்டாள். கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்த வாரத்தில் அவன் வேறு ஒருத்தியைக் கட்டிக்கொண்டு போயே போய்விட்டான். பாவி! அன்றிலிருந்து இவள் சட்டென்று வந்த எந்தப் பதிலையும் நம்புவதில்லை, குறிப்பாகத் தன் வாயிலிருந்து வரும் பதிலை.

இந்த நேரத்தில்தான் வேன்காரர் வந்து சேர்ந்தார். கம்பெனிச் சரக்கு வேனை ஓட்டுகிறவர். நாற்பது வயது, கல்யாணமே ஆகாதவர், முன்நெற்றி கொஞ்சம் ஏறியிருந்தாலும் சிரித்தால் வாயெல்லாம் பல். ஏழு மாதத்துக்கு முன்னால் ஒருநாள், சரக்கு ஏற்றும் மேடையில், கையில் இருந்த ரசீதுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே, "மேடம், உங்களுக்கு என்னைப் பிடிச்சிருந்தா நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்று கேட்டுவிட்டார். இவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "யோசிச்சு சொல்றேன்" என்றாள். யோசித்தாள், யோசித்தாள், ஏழு மாதம் யோசித்தாள். நடுவில் அவர் ஒரு தடவைகூட நச்சரிக்கவில்லை. போன வாரம்தான் மெதுவாக வாயைத் திறந்தார்.

"என்னை வேற ஊர் டிப்போவுக்கு மாத்தறாங்க மேடம். திங்கக்கிழமை கிளம்பணும். நீங்க சரின்னு சொன்னா போகமாட்டேன்னு எழுதிக் கொடுத்துடுவேன். வேணாம்னா போயிடறேன். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க, போதும்."

அந்தச் சனிக்கிழமைதான் பொம்மைக் கண்காட்சி.

கண்காட்சிக்கு மேனேஜருக்கு ஒரு யோசனை உதித்திருந்தது. அவருக்கு யோசனை உதித்தால் மற்றவர்களுக்கு முதுகு ஒடியும். அறுபது கிலோவில் ஒரே உருண்டை! அதைக் கண்காட்சி மண்டபத்தின் மாடியிலிருந்து, கூட்டம் பார்க்க, சரியாக நாலு மணிக்குக் கீழே தள்ள வேண்டும். அது எகிற வேண்டும். ஊரே வாயைப் பிளக்க வேண்டும்.

சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு, பிசைந்து முடித்த உருண்டையை வேனில் ஏற்றும்போது ஸ்டாப்வாட்ச் அக்காவைத் தனியே இழுத்தாள்.

"அக்கா, நான் ஒண்ணு முடிவு பண்ணியிருக்கேன். பந்து எகிறினா அவர்கிட்ட சரின்னு சொல்லிடுவேன். எகிறலேன்னா வேணாம்னு சொல்லிடுவேன்."

அக்கா இவளை மேலும் கீழும் பார்த்தாள். "உனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கா? மனசைக் கேக்க வேண்டிய விஷயத்தைப் போய் மாவைக் கேக்கறே?"

"மனசு ஒரு தடவை என்னை ஏமாத்திடுச்சுக்கா. மாவு இதுவரைக்கும் ஏமாத்தினதில்லை. நீ இதை யார்கிட்டேயும் சொல்லிடாதே."

"நான் ஏன்டி சொல்லப் போறேன்?" என்றாள் அக்கா. அடேயப்பா! அக்கா வாயில் ஒரு ரகசியம் ஒரு மணி நேரம் தங்கினால் அதுவே பெரிய விஷயம்.

மூன்று மணி நேரப் பயணம். வேனின் பின்பக்கம் மெத்தை விரித்து, நடுவில் முழங்கால் உயரத்துக்கு ஆரஞ்சு உருண்டை, இந்தப் பக்கம் ஸ்டாப்வாட்ச், அந்தப் பக்கம் அக்கா. துள்ளுமாவை உருண்டையாக எங்கேயும் கொண்டுபோக முடியாது, வழியெல்லாம் படுத்துவிடும் என்பது அந்தக் கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும். அதனால் பெரிய உருண்டைகளுக்கென்று அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை கால் சுற்று உருட்ட வேண்டும். படுக்கப் பார்க்கிற பக்கத்தை மேலே கொண்டுவந்துகொண்டே இருந்தால் அது எந்தப் பக்கமும் படுக்காது.

"உருட்டு!" என்பாள் ஸ்டாப்வாட்ச். இருவரும் தம் கட்டி உருட்டுவார்கள். இரண்டு நிமிடம். "உருட்டு!"

முதல் ஒரு மணி நேரம் ஒழுங்காகப் போயிற்று. பிறகு வெயில் ஏறியது. வேன் பெட்டியின் தகரம் சுட ஆரம்பித்ததும் உருண்டை இளகிவிட்டது. இரண்டு நிமிடம் தாங்கியது ஒரு நிமிடம்கூடத் தாங்கவில்லை. உருட்டிவிட்டு மூச்சு வாங்குவதற்குள் அடியில் பரவ ஆரம்பித்தது.

"உருட்டு! உருட்டுக்கா! இந்தப் பக்கம் வழியுது! ஐயோ, அந்தப் பக்கம்!"

"எத்தனை பக்கம்டி இருக்கு இந்தச் சனியனுக்கு!" என்று அக்கா மாவின்மேல் ஏறக்குறையப் படுத்தேவிட்டாள். தலைமுடியெல்லாம் ஆரஞ்சு. இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் கையில் பலம் இல்லை, பலம் இல்லாவிட்டால் மாவு வழிகிறது, வழிவதைப் பார்த்தால் இன்னும் சிரிப்பு. ஸ்டாப்வாட்ச் முன்பக்கத் தகரத்தைக் கையால் தட்டினாள். வேன் நின்றது. வேன்காரர் பின்கதவைத் திறந்து பார்த்தார், தலையைச் சொறிந்தார்.

"ஐஸ் வேணும்" என்றாள் ஸ்டாப்வாட்ச். "பத்து டிகிரி குறைஞ்சா வழியற நேரம் ரெண்டு மடங்காகும். என் நோட்டுல இருக்கு. ரெண்டு கட்டி போதும்."

பக்கத்திலேயே ஒரு ஐஸ் ஃபேக்டரி இருந்தது. வேன்காரரும் அக்காவும் வாங்கப் போனார்கள், இவள் உருட்டிக்கொண்டிருந்தாள். போன இடத்தில் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். வரிசையில் நின்ற ஐந்து நிமிடத்தில் அக்கா விஷயத்தைக் கக்கிவிட்டாள். பந்து எகிறினால் கல்யாணம், இல்லாவிட்டால் இல்லை.

வேன்காரர் கவுண்டர் பக்கம் திரும்பினார். அங்கே இருந்தவரிடம், "ரெண்டு இல்லைங்க. ஆறு கட்டி குடுங்க" என்றார்.

அங்கேதான் அந்த மனுஷனுடைய காதல் கெடுதல் செய்தது. பாவம், அவருக்குத் தெரிந்ததெல்லாம் பந்து உருண்டையாக இருக்க வேண்டும் என்பதுதான். மாவின்மேல் பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, ஆறு கட்டியையும் உடைத்து, சாக்கும் மரத்தூளும் போட்டு, குழந்தைக்குப் போர்த்துகிற மாதிரி போர்த்திவிட்டார். இவ்வளவு எதற்கு என்று ஸ்டாப்வாட்ச் கேட்கவில்லையா? கேட்க வாயெடுத்தாள். ஆனால் உருண்டை அசையாமல் நின்றது! ஐந்து நிமிடம், பத்து நிமிடம், அரை மணி. ஒரு சொட்டு வழியவில்லை. இடுப்பு ஒடிந்துபோயிருந்த அவளுக்கு அது போதுமாக இருந்தது. அக்காவும் அவளும் சாக்கில் சாய்ந்துகொண்டு சத்தமாகப் பாட்டுப் பாடிக்கொண்டே மீதி வழியைக் கடந்தார்கள். எதையும் நாலு தடவை யோசிக்கிறவள், அன்றைக்குச் சந்தோஷத்தில் ஒரு தடவைகூட யோசிக்கவில்லை.

மண்டபத்தில் நல்ல கூட்டம். கீழே நடுவில் கயிறு கட்டி வட்டமாக இடம் விட்டிருந்தார்கள். மாடியில் கைப்பிடிச் சுவரை ஒட்டி ஒரு சரிவுப் பலகை. உருண்டையை அதன் தலைமாட்டில் ஏற்றி வைத்து, சாக்கையும் தாளையும் உரித்தார்கள். அப்படியொரு உருண்டை! மேனேஜருக்கு முகத்தில் ஆயிரம் விளக்கு.

"சபாஷ்! இன்னும் பன்னிரண்டு நிமிஷம் இருக்கு. நான் கீழே போய் மைக்கைப் பிடிக்கறேன்" என்று இறங்கிப் போனார்.

ஸ்டாப்வாட்ச் பழக்கதோஷத்தில் உருண்டையை விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினாள்.

டொக் என்றது.

துள்ளுமாவு டொக் என்று சொல்லாது. தொப் என்றுதான் சொல்லும். இன்னொரு தட்டு. டொக். குளிரக் குளிர உள்ளே சங்கிலிகள் பிடியை விட அதிக நேரம் எடுக்கும். அதனால்தான் வழியவில்லை. ஆனால் அதே காரணத்தால், ஓங்கித் தரையில் மோதும்போது நெளிந்து கொடுக்கவும் அவற்றுக்கு நேரம் இருக்காது. நெளிய முடியாவிட்டால்? கண்ணாடி. இதை அவளே புதிதாகச் சேர்ந்தவர்களுக்கெல்லாம் பாடம் எடுத்திருக்கிறாள், கடவுளே!

"எத்தனை கட்டி போட்டீங்க?" என்று திரும்பினாள்.

"ஆறு" என்றார் வேன்காரர்.

"ஆறா! நான் ரெண்டுதானே கேட்டேன்!"

"உருண்டையா இருக்கணுமேன்னு... நிறையப் போட்டா நல்லதுன்னு நெனச்சேன் மேடம்."

"இது ஒடஞ்சுரும். எகிறாது, சில்லுச் சில்லா ஒடஞ்சுரும்."

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. சரக்கு வேனே தலையில் ஏறியது மாதிரி இருந்தது. அந்த முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் ஸ்டாப்வாட்சுக்குப் புரிந்துபோயிற்று. மெதுவாகத் தலையைத் திருப்பி அக்காவைப் பார்த்தாள். அக்கா கூரையில் மின்விசிறிகள் எத்தனை என்று எண்ண ஆரம்பித்திருந்தாள்.

"அக்கா!"

"அப்புறம் திட்டுடி. இப்ப என்ன பண்ணணும், அதைச் சொல்லு!"

என்ன பண்ணுவது? ஸ்டாப்வாட்ச் கீழே எட்டிப் பார்த்து, "சார், ஒரு அரை மணி தள்ளி வெக்கலாமா?" என்று கத்தினாள். மேனேஜர் மைக்கில் ஏற்கனவே, "இன்னும் பத்தே நிமிடங்கள்!" என்று முழங்கிக்கொண்டிருந்தார். கூட்டம் கை தட்டியது. அந்த மனுஷன் காதில் ஒன்றும் விழவில்லை.

"சூடு பண்ணணும்" என்றாள். "கைக்குக் கிடைச்ச சூடு எதுவானாலும் சரி."

கையில் கிடைத்தது மூன்று உடம்பு. மூவரும் முழங்காலிட்டு அந்த ஆரஞ்சு உருண்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்! கன்னத்தை வைத்து அழுத்தினார்கள், மூச்சை ஊதினார்கள், உள்ளங்கையைப் பரபரவென்று தேய்த்துத் தேய்த்து வைத்தார்கள். அம்மாடி, என்ன குளிர்! அக்காவுக்குப் பல் கிடுகிடுவென்று அடித்தது. அந்தப் பக்கமாக மாடி ஏறி வந்த ஒரு குடும்பம் இவர்களைப் பார்த்துவிட்டு, குழந்தையின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டது.

உருண்டைக்குப் பின்பக்கம், ஸ்டாப்வாட்சின் கையும் வேன்காரரின் கையும் இடித்துக்கொண்டன. இருவருமே எடுக்கவில்லை.

"மேடம்" என்றார் அவர், மாவில் கன்னத்தை அழுத்தியபடியே. "இது எகிறணும் மேடம். எனக்கு இது ரொம்ப வேண்டிய பந்து."

"பேசாதீங்க. ஊதுங்க" என்றாள். ஏழு மாதம் இந்த மனுஷனைக் காக்க வைத்தது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. எவ்வளவு பெரிய தப்பு! ஒரு பாவப்பட்ட மாவின் தலையில் போய் இதையெல்லாம் கட்டினேனே என்று இருந்தது.

"ஐந்து! நான்கு!" என்று கீழே எண்ணத் தொடங்கிவிட்டார்கள். ஸ்டாப்வாட்ச் அவசரமாக விரலால் அழுத்திப் பார்த்தாள். மேல்தோல் இளகி விரல் பதிந்தது. ஆனால் உள்ளே நாலு விரல் ஆழத்துக்கு இன்னும் குளிர்தான், அது அவளுக்குத் தெரியும்.

"ஒன்று!"

தள்ளினார்கள். உருண்டை சரிவில் உருண்டு, விளிம்பைத் தாண்டி, போயிற்று. மூவரும் கைப்பிடிச் சுவரில் தொங்கிக்கொண்டு பார்த்தார்கள்.

தரையில் விழுந்தது. மண்டபம் அதிர்ந்தது. எகிறியது! சாமி சத்தியமாக எகிறியது! கூட்டத்தின் தலைக்கு மேலே, கிட்டத்தட்ட மாடி உயரத்துக்கு, ஆரஞ்சாக, உருண்டையாக, இவர்கள் மூக்குக்கு நேரே வந்து ஒரு நொடி நின்றது. "ஓ!" என்று எல்லோரும் கத்தினார்கள். நின்ற அந்த நொடியில் அதன் இடுப்பில் ஒரு மெல்லிய விரிசல் ஓடியிருந்ததை ஸ்டாப்வாட்ச் ஒருத்திதான் பார்த்தாள்.

திரும்பக் கீழே விழுந்தது. சிதறியது. சும்மா சிதறலா அது? நூறு துண்டு, இருநூறு துண்டு, ஒவ்வொரு துண்டும் தன் பங்குக்கு ஒரு பந்தாக எகிறியது. ஒன்று தூணில் மோதிக் கூரைக்குப் போனது, ஒன்று மேனேஜரின் மைக்கில் பட்டு டமாரென்றது, ஒன்று யாருடைய டீக் கோப்பையிலோ குளித்தது. பெரியவர்கள் குனிந்தார்கள், குழந்தைகள் குதித்துக் குதித்துப் பிடித்தார்கள். மண்டபம் முழுக்கச் சிரிப்பு. மேனேஜர் அரை நொடி திகைத்தார், பிறகு "இதுதான், இதுவேதான் எங்கள் நிகழ்ச்சி!" என்று கூசாமல் அறிவித்தார்.

மாடியில் வேன்காரர் மட்டும் சிரிக்கவில்லை. கைப்பிடிச் சுவரில் கையை ஊன்றி, கீழே கிடந்த துண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒடஞ்சு போச்சு" என்றார்.

"எகிறிச்சு!" என்று அலறினாள் ஸ்டாப்வாட்ச். அந்தக் குரல் தன்னுடையதுதானா என்று அவளுக்கே சந்தேகம். "எகிறிச்சுங்க! நான் பார்த்தேன், நீங்க பார்த்தீங்க, அக்கா பார்த்தா! முதல் தடவைதான் கணக்கு! ரெண்டாவது தடவையைப் பத்தி யாரு பேசினா? நான் பேசவே இல்லை! எகிறினாலே போதும், பந்து பாஸ்!"

அக்கா வாயைப் பிளந்தாள். "ரெண்டு செகண்டுக்கு எண்பது கிலோவைத் திருப்பி அனுப்பறவ பேசற பேச்சாடி இது?"

"ஆமாக்கா! இன்னிக்கு நான் இப்படித்தான் பேசுவேன்!" அவள் அழுதுகொண்டிருந்தாள், சிரித்துக்கொண்டும் இருந்தாள். வேன்காரரின் பக்கம் திரும்பினாள். "அது எகிறாம அப்படியே தொப்புனு படுத்திருந்தாலும் நான் வேற ஏதாவது சாக்குக் கண்டுபிடிச்சிருப்பேன். அது மேல போறப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. ரொம்ப நாளாவே பிடிச்சிருக்கு. நீங்க திங்கக்கிழமை எங்கேயும் போகக்கூடாது!"

வேன்காரருக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. "அது வந்து... மேடம்... நான் போகலைன்னு போன வாரமே எழுதிக் கொடுத்துட்டேன்."

"என்னது?"

"உங்ககிட்ட சொன்ன அன்னிக்கு மத்தியானமே."

"அப்போ நான் வேணாம்னு சொல்லியிருந்தா?"

"இங்கேயே இருந்து இன்னொரு தடவை கேட்டிருப்பேன்" என்றார் அவர், அசடு வழிய. "ஏதாவது ஒரு நாள் குறிச்சாதான் நீங்க பதில் சொல்லுவீங்கன்னு தோணுச்சு. பொய்தான். தப்புதான். மன்னிச்சுடுங்க."

அவள் அவரையே பார்த்தாள். நெற்றியில் மாவு, மூக்கு நுனியில் மாவு, குளிரில் விறைத்த கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றார். கீழே அக்காவின் பெயரைச் சொல்லி, துண்டுகளைப் பொறுக்க ஆள் வேண்டும் என்று மேனேஜர் மைக்கிலேயே கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அக்கா அசைவதாக இல்லை.

"இப்பக் கேளுங்க" என்றாள் ஸ்டாப்வாட்ச்.

"என்ன கேக்கறது?"

"அன்னிக்கு சரக்கு மேடையில கேட்டீங்களே, அதை. ஒழுங்கா, என் முகத்தைப் பார்த்துக் கேளுங்க."

அவர் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, தொண்டையைக் கனைத்து, நிமிர்ந்து நின்றார். "உங்களுக்கு என்னைப் பிடிச்சிருந்தா நாம..." என்று ஆரம்பித்தார்.

"சரி" என்றாள் அவள்.